ஏழாம் எண் குழாய்

மூன்று வருடமாகப் பொத்தானின் தோள் அளவு ஒன்பது அங்குலம்தான். அதை முதலில் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, அவள் அம்மாதான். அம்மாவுக்குத் தையல் வேலை. தெருவில் பாதிப் பேருடைய இடுப்பும் தோளும் அவளுடைய நீல அட்டை நோட்டில் இருந்தன. மகளின் பக்கத்தில் மூன்று பிறந்தநாளுக்கும் ஒரே எண் விழுந்தபோது, டேப்தான் நைந்து நீண்டுபோய்க் குறைத்துக் காட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டாள். புது டேப் வாங்கி வந்து அளந்தாள். அதுவும் ஒன்பது என்றே சொன்னது.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. பொத்தானுக்கு ஆறு வயது. பார்க்கிறவர்கள் மூன்று சொல்வார்கள். விரல் முட்டிகளின் மேல் தோல் இழுத்துக் கட்டினதுபோல் இருக்கும். தாடை சின்னது, பல்லுக்கு அதில் இடம் போதவில்லை. வாய் மட்டும் வயதுக்கு மேலே வளர்ந்திருந்தது. டாக்டர் ஊசியை எடுத்தால், "உங்களுக்கு முதல்ல போட்டுக் காட்டுங்க, எனக்கு நம்பிக்கை இல்ல" என்பாள்.

இரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதை அண்ணன், அதாவது பொத்தானின் அப்பா, வீட்டுக்கு வந்து சொன்னான். அவன் சொன்னதில் பாதி லிஃப்ட் பாஷை, ஏனென்றால் அவன் லிஃப்ட் மெக்கானிக். உடம்புக்குள் ஒரு கத்தரி இருக்கிறதாம். சில புரதங்கள் எண்ணெய்ப் பசையுள்ள ஒரு வாலோடு தயாராகும். வேலை முடிந்ததும் அந்தக் கத்தரி வாலை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் அது போய் ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டிக்கொண்டு தோலையும் எலும்பையும் நாளுக்கு நாள் வாட்டும். பொத்தானுக்குக் கத்தரி செய்யும் குறிப்பு, அதாவது ஜீன், இரண்டு. அப்பா வழியில் வந்ததில் ஒரு எழுத்துப் பிழை. அது கெட்டது என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அம்மா வழியில் வந்ததிலும் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதை உலகத்தில் யாரும் இதுவரை பார்த்ததில்லை. அதுவும் கெட்டது என்றால் நோய் இதுதான். வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அந்த எண்ணெய் வாலே ஒட்டாமல் தடுக்கிற மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறது. அதில் பொத்தானுக்கு இடம் கேட்கலாம். கெட்டதில்லை என்றால் நோய் வேறு ஏதோ; முதலிலிருந்து தேட வேண்டும்.

"அப்ப நம்ம என்னன்னு வேண்டிக்கறது?" என்று அண்ணி, பொத்தானின் அம்மா, கேட்டாள். "என் எழுத்து கெட்டதா இருக்கணும்னா, நல்லதா இருக்கணும்னா?"

அண்ணன் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை நான்காக வெட்டி, எட்டாக வெட்டி, சாப்பிடாமல் எழுந்துபோனான்.

நோட்டு என்பவள் அந்த அண்ணனுக்குத் தங்கை. கூட ஒரே வீட்டில், முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலில் படுப்பவள். எதைச் செய்தாலும் மணி போட்டு எழுதிவைக்கும் பழக்கத்தால் அண்ணன் வைத்த பெயர் அது. எழுதினதையும் நம்பமாட்டாள், அடியில் ஒரு கேள்விக்குறி போட்டுத்தான் மூடுவாள். கல்லூரிக் கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில் தண்ணீர்ப் பரிசோதனைப் பிரிவில் வேலை, மாலையில் வகுப்பு. டாக்டர் கொடுத்த தாளில், அந்தக் கத்தரியைச் சோதிக்கிற கூடங்கள் என்று இருந்த மூன்றில் ஒன்று அதே கட்டடத்தின் ஆறாவது மாடி. இரண்டு வருடமாக அந்த மாடிக்காரர்களோடு ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறாள். அவர்கள் மேல் ரொட்டிக்கடை வாசனை அடிப்பது ஏன் என்று மட்டும்தான் யோசித்திருக்கிறாள்.

போய்க் கேட்டாள். அந்தக் கூடத்துக்குப் பொறுப்பான மேடம் ஒப்புக்கொண்டார். வேலைக்குக் கை பற்றவில்லை, வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார். நானே கையாக வருகிறேன் என்று நோட்டு மாற்றல் வாங்கிக்கொண்டாள். எட்டு மாதம் ஆகிவிட்டது.

ஆறாவது மாடியில் செய்வதை வீட்டில் விளக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"ஈஸ்ட்னா ரொட்டிக்குப் போடறதுதானே?" என்றான் அண்ணன்.

"அதேதான். அதுல ரெண்டு வகை இருக்கு. பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடுன்னு வெச்சுக்கோ. நாங்க அங்க அப்படித்தான் சொல்றோம்."

"யாரு பாத்து வைக்கிறது?"

"அதுங்களேதான். பொண்ணு வீடு ஒரு தூது அனுப்பும். மாப்பிள்ளை வீட்டுக்கு அது எட்டினா, வளர்றத அப்படியே நிறுத்திட்டு வாசலைப் பாத்துட்டு நிக்கும்."

"நம்ம ஆளுங்கதான்" என்றான் அண்ணன்.

அந்தத் தூது ஒரு துளிப் புரதம். எண்ணெய் வாலோடு தயாராகி, கத்தரி மறுமுனையில் வெட்டினால்தான் வெளியே போகும்; இதில் வால் அப்படியே இருக்கும். ஈஸ்டின் சொந்தக் கத்தரியை எடுத்துவிட்டு மனிதக் கத்தரியை வைத்தாலும் வெட்டுகிறது. அதனால் யாருடைய கத்தரியையும் அங்கே வைத்துப் பார்க்கலாம். பொத்தானுடையதையும். ஒரு தட்டு முழுக்க மாப்பிள்ளை வீட்டு ஈஸ்டைப் பரப்பி, நடுவில் தூது இருக்கும் சாற்றை ஒரு சொட்டு வைப்பார்கள். தூது எட்டியவை வளராமல் நிற்கும். சொட்டைச் சுற்றிக் கண்ணாடிபோல ஒரு வளையம் விழும். தூது இல்லாவிட்டால் வளையமும் இல்லை, வெறும் வெள்ளைப் பரப்பு.

சாறு வைக்கும் குழாய்களுக்கு எண் மட்டும்தான். நாலு, கத்தரியே இல்லாத ஈஸ்ட். ஐந்து, நல்ல கத்தரி. ஆறு, அண்ணன் வழி எழுத்து. ஏழு, அண்ணி வழி எழுத்து. எது யாருடையது என்று செய்கிறவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் எண். ஆனால் பெயர்களை மேடம் சொல்லச் சொல்ல எண் எழுதி ஒட்டினதே நோட்டுதான்.

அந்த வாரம் மழை விடவே இல்லை. வீட்டுக்குள் மூன்று கொடி கட்டி, தைத்த துணியும் துவைத்த துணியும் ஒன்றாகத் தொங்கின. மருந்துக்கான விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். மேடம் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார், வியாழன்தான் வருவார். சனிக்கிழமை நோட்டு நான்கு சொட்டும் வைத்தாள். திங்கட்கிழமை முப்பது டிகிரிப் பெட்டியைத் திறந்து தட்டுகளை எடுத்தாள். ஐந்தில் பளிச்சென்று வளையம். நாலிலும் ஆறிலும் ஒன்றுமில்லை. ஏழிலும் ஒன்றுமில்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தாள். நோட்டில் எழுதிக் கேள்விக்குறியும் போட்டாள். மேடம் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டுப் படியேறும்போதுகூட நினைத்தாள். கதவைத் திறந்த அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான், எல்லாம் கொட்டிவிட்டது.

அண்ணி சிரித்தாள். பிறகு மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, "அப்ப என் பக்கமும் கெட்டதுதான்" என்றாள். அதைச் சொன்ன குரலில் ஏறக்குறைய ஒரு பெருமை இருந்ததை நோட்டு கவனித்தாள். ஒரு வருடமாக அந்த வீட்டில் குற்றம் முழுவதையும் அண்ணன் ஒருவனே சுமந்துகொண்டிருந்தான். யாரும் அவன் தலையில் வைக்கவில்லை, அவனாகவே எடுத்து வைத்துக்கொண்டது. அன்றைக்கு அவன் இரண்டு முட்டை கூடுதலாகச் சாப்பிட்டான். அண்ணி விண்ணப்பத்தை மெஷின் மேல் விரித்து, அளவு எழுதும் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பினாள். பொத்தான் பக்கத்தில் நின்று, எதற்காக எல்லாரும் அழுதுகொண்டே சந்தோஷமாக இருக்கிறீர்கள், ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள் என்று அதட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை கழுவும் அக்கா கூப்பிட்டாள். ஆறாவது மாடியின் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் பதினெட்டு வருடமாகக் கழுவிக்கொண்டிருப்பவள். எண்ணாமல் எதையும் வாங்கமாட்டாள், எண்ணாமல் கொடுக்கமாட்டாள்.

"சனிக்கிழமை நீ நாலு குழாய்தானே எடுத்தே?"

"ஆமாக்கா."

"பூசின குழாய் மூணுதான் திரும்பி வந்திருக்கு. நாலாவது புத்தம்புதுசு. ஒட்டின சீட்டுல ஏழுன்னு இருக்கு. இது எங்கருந்து வந்துச்சு?"

நோட்டுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கழுவும் தொட்டியைத்தான் முதலில் பார்த்தாள்.

தூதின் எண்ணெய் வால் வெறும் பிளாஸ்டிக்கைக் கண்டால் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், சாற்றுக்கு வராது. அதனால் அங்கே குழாய்களுக்குள் ஒரு புரதக் கரைசலை ஊற்றிச் சுழற்றிக் காயவைப்பார்கள். பூசின குழாய்கள் மங்கலாக, திட்டுத் திட்டாக, பார்க்க அழுக்காக இருக்கும். கழுவிக் கழுவித் திரும்பப் பூசுவதால் சிலது பழுப்பேறியும் இருக்கும். சனிக்கிழமை ஐந்துக்கும் நாலுக்கும் ஆறுக்கும் அவற்றிலிருந்துதான் எடுத்தாள். ஏழு வந்தபோது கை நின்றது. பொத்தானுடையது. இந்த அழுக்கிலா? அலமாரியின் மேல் தட்டில் புதுக் குழாய்களின் பிரிக்காத பை இருந்தது. அதைப் பிரித்து, பளபளவென்று ஒன்றை எடுத்தாள். அப்போது மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. குழந்தைக்குப் புதுசு.

"கழுவிட்டீங்களா?"

"கழுவல. எண்ணிக்கை தப்பினா நான் கழுவமாட்டேன்" என்றாள் அக்கா. குழாயை ஓரமாக ஒரு டம்ளரில் நிறுத்தி வைத்திருந்தாள். "தூது உள்ளதான் ஒட்டிட்டு இருக்கோ என்னவோ. மெத்தனால் ஊத்தி அலசினா வந்துரும். உள்ள இருந்தா வளையம் விழும். இல்லன்னா உன் ரிசல்ட்டு சரிதான்."

"நான் வீட்ல சொல்லிட்டேங்க்கா."

அக்கா கைக்குக் கையுறை மாட்டிக்கொண்டே அவளை ஒரு பார்வை பார்த்தாள். "உன் மேடம்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியா?"

அன்றைக்கு நோட்டு மாலை வகுப்புக்குப் போகவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தெருவில், இறக்கிவிட்ட தார்ப்பாய்களுக்குக் கீழே, மழைக்கு ஒதுங்கினவர்களோடு அரைமணி நேரம் நின்றாள். அக்காவையும் தன்னையும் தவிர யாருக்கும் தெரியாது. அக்கா சொல்லமாட்டாள், அவளுக்கு எண்ணிக்கை சரியானால் போதும். விண்ணப்பம் நிரப்பியாகிவிட்டது. மேடத்தின் கையெழுத்துதான் பாக்கி. ஆனால் ஏழில் வளையம் விழுந்துவிட்டால்? அண்ணியின் எழுத்து நல்லது என்றாகிவிட்டால்? நோய் என்னவென்றே தெரியாமல், மருந்தும் இல்லாமல், அந்த ஒன்பது அங்குலம் அப்படியே நிற்கும். அப்படியானால் ஏழில் வளையம் விழக் கூடாது என்றா வேண்டுவது? அது குழந்தையின் உடம்புக்குள் ஒன்று உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டுவது அல்லவா? யோசிக்க யோசிக்க நூல் சிக்கிக்கொண்டே போனது.

வீட்டில் சொன்னாள். அண்ணி மெஷினை நிறுத்தவில்லை. ஒரு சட்டைக் கையை முழுசாகத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"திரும்பச் செய்யப் போறியா?"

"செய்யணும் அண்ணி."

"செய்யாத."

"அண்ணி..."

"நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லல நோட்டு. திங்கக்கிழமை வளையம் விழல. அது நடந்தது. நீ பாத்தே. அத எழுது. மறுபடி பாக்காதன்னு மட்டும்தான் கேக்கறேன்."

"அந்த மருந்து லேசுப்பட்டது இல்ல அண்ணி. சாப்பிட்ட குழந்தைங்க எல்லாம் மாசக்கணக்குல வாந்தி எடுத்துருக்கு. நோய் இதுவே இல்லன்னா, சும்மா போட்டு அவள..."

"சும்மா இருந்தா மட்டும் அவ வளர்றாளா?" அண்ணி கழுத்தில் தொங்கின டேப்பை இழுத்து மெஷின் மேல் போட்டாள். "இதக் கேளு. மூணு வருஷமா இத வெச்சிட்டு நான் என்ன பண்றேன்னு கேளு. எல்லார் பிள்ளைக்கும் வளர்றதுக்குன்னு உள்மடிப்பு விட்டுத் தைக்கிறேன். என் பிள்ளைக்கு விடறதில்ல."

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒன்றைக் கழற்றினவன் மற்றதை மறந்துவிட்டான். "தினமும் கயிறப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடறேன்" என்றான். "பாக்காம போட்டாலும் லிஃப்ட் போகும். யாருக்கும் தெரியாது. ஆனா பாக்காம போட்டதில்ல." அதோடு முடித்துக்கொள்வான் என்று நோட்டு நினைத்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆனா இது பொத்தான். எனக்கு ஒண்ணும் விளங்கல. ரெண்டு பேரும் என்னைக் கேக்காதீங்க" என்று ஒற்றை ஷூவோடு எழுந்து உள்ளே போனான்.

புதன் காலையில் நோட்டு குளிர் அறையிலிருந்து நான்கு குடுவைகளையும் எடுத்து, ஈஸ்டைப் புதிதாக வளர்க்க வைத்தாள். அக்கா வந்து நான்கு குழாய்களை மேசையில் வைத்தாள். நான்கும் பூசினவை, நான்கும் அழுக்கு. சாயங்காலம் நோட்டு சொட்டுகளை வைத்தாள். டம்ளரில் நின்ற பழைய ஏழாம் குழாயை மெத்தனால் ஊற்றி அலசி, சுண்டவைத்து, அதிலிருந்தும் ஒரு சொட்டு. ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் மெத்தனாலில் ஒரு சொட்டு. வீட்டுக்கு வந்தபோது, செய்தாயா என்று அண்ணி கேட்கவில்லை. தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியாழனன்று மேடம் வந்தார். நோட்டு தேதி வாரியாகச் சொன்னாள்: புதுக் குழாய், வீட்டில் உளறினது, எண்கள் தனக்குத் தெரிந்திருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எண் ஒட்டுகிற வேலையைத் தான்தான் வேறு ஆளிடம் கொடுத்திருக்க வேண்டும் என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது நோட்டுக்கு. நாளைக்கு உன் அண்ணியையும் வரச் சொல் என்றார் மேடம்.

வெள்ளிக்கிழமை அண்ணி வந்தாள், பொத்தானையும் இழுத்துக்கொண்டு, பையில் விண்ணப்பத்தோடு. கழுத்தில் டேப் அப்படியே கிடந்தது. அவசரத்தில் கழற்ற மறந்திருந்தாள். மேடம் பெட்டியைத் திறந்து தட்டுகளைக் கறுப்புத் துணி மேல் வரிசையாக வைத்தார். ஐந்தில் பெரிய வளையம். நாலு, வெள்ளை. ஆறு, வெள்ளை. வெறும் மெத்தனால், வெள்ளை.

ஏழில் வளையம் இருந்தது. சின்னது. அலசி எடுத்த பழைய ஏழிலும் அதே மாதிரி, இன்னும் மங்கலாக.

அண்ணி குனிந்தாள். யாரையும் கேட்காமல் டேப்பை எடுத்து, தட்டின் மூடி மேல் பிடித்தாள். "இது இருபத்திரண்டு மில்லிமீட்டர்" என்றாள் ஐந்தைப் பார்த்து. "இது பதினொண்ணு." நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள். "பாதி. அப்ப என் எழுத்து பாதி வேலை செய்யுதா?"

வளையம் பாதி என்றால் வேலை பாதி என்று கணக்குப் போட முடியாது, அதைவிடக் குறைவு, பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம் என்று மேடம் விளக்கினார். சாற்றில் தண்ணீர் சேர்த்து நீர்க்க நீர்க்க வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும்.

"இது நல்லதா மேடம், கெட்டதா?"

"தெரியலம்மா." மேடம் ஏழாம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ரெண்டு கத்தரியும் சுத்தமா வேலை செய்யலன்னா குழந்தை பொறந்து இவ்வளவு நாள் இருந்திருக்காது. ஏழுக்குப் பூஜ்யம்னு எழுதியிருந்தா அந்த ஆஸ்பத்திரியில ஒருத்தராவது சந்தேகப்பட்டிருப்பாங்க. இது உங்க பொண்ணோட ஒத்துப்போகுது. ஆனா அவங்க படிவத்துல கட்டம் ரெண்டுதான் இருக்கு. வேலை செய்யுது, செய்யல. இதுக்குக் கட்டம் இல்ல."

அண்ணி விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். மேடம் இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, தனித்தாளில் எழுத ஆரம்பித்தார். திங்கட்கிழமைத் தட்டைப் பற்றியும் எழுதச் சொல்லி நோட்டுக்கு ஒரு பத்தி இடம் விட்டார். புதுக் குழாயைப் பற்றி நோட்டு எழுதினாள். எதற்காக எடுத்தாள் என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டு, திரும்ப எழுதினாள். மாலை ஐந்து மணிக்கு உறை போய்விட்டது. இடம் கொடுப்பார்களா, இன்னும் ஒரு வாரம் கேட்பார்களா, கதவைச் சாத்திவிடுவார்களா, யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் அண்ணன் காத்திருந்தான். நடந்ததைக் கேட்டான். ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்ட லிஃப்ட் மாதிரியா என்று கேட்டான். மாதிரிதான் என்றாள் நோட்டு. "நடுவுல நின்னா உள்ள இருக்கறவங்க கதவ உடைக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றான்.

அண்ணி நோட்டுக்கும் ஒரு டம்ளர் டீ போட்டு மெஷின் ஓரத்தில் வைத்தாள். பிறகு நீல அட்டை நோட்டை எடுத்து, மகளின் பக்கத்தைத் திறந்தாள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. அதற்குக் கீழே 'பதினொன்று' என்று எழுதி, பக்கத்தில் மில்லிமீட்டர் என்று போட்டாள்.

பொத்தான் ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தாள். "இது யாரோட அளவு?"

"உன்னோடதுதான்."

"எந்த இடம்?"

அண்ணி நிமிர்ந்து நோட்டின் முகத்தைப் பார்த்தாள். நான்கு நாளில் முதல்தடவையாக நேராகப் பார்த்தாள். அதற்குள், அளக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பொத்தான் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, மூச்சை இழுத்துப் பிடித்து, நேராக நின்றாள்.